தலையில் கை வைத்துக்கொண்டவர்

அவரை முதன்முதலில் பார்த்தபோது அவர் வீட்டில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில், எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே கிடந்த நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்திருந்தார். கண் தரையில் இருந்தது. நம் ஆட்கள் அப்படி உட்கார்ந்தால் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது.

நான் யாரிடமும் தானாகப் பேச்சுக் கொடுக்கிறவன் இல்லை. ஆனால் அப்படி உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் பேசாமல் உட்காரவும் மனம் வரவில்லை.

"யாருண்ணே?" என்று கேட்டேன்.

"என்ன யாரு?"

"இல்ல... யாராச்சும் தவறிட்டாங்களோன்னு."

அவர் சிரித்தார். சிரிப்பு தோளோடு நின்றது. கழுத்து அசையவில்லை. என்னைப் பார்ப்பதற்கு இடுப்பிலிருந்து மொத்த உடம்பையும் திருப்பினார்.

"யாரும் சாகல தம்பி. கைய எறக்குனா நான்தான் செத்துருவேன். மேல தூக்கி வச்சா வலி கொறையுது. ஒனக்கும் கழுத்துதானே? வச்சுப் பாரேன்."

வைத்துப் பார்த்தேன். மூன்று மாதமாகக் கழுத்திலிருந்து கட்டை விரல் வரைக்கும் நெருப்பாக ஓடிக்கொண்டிருந்த வலி, குழாயை இறுக்கி மூடியதுபோல மெல்ல அடங்கியது. எத்தனையோ எண்ணெய் தேய்த்திருந்தேன். சீனர் மருந்துக்கடை பிளாஸ்திரி போட்டிருந்தேன். ஒன்றும் இதைச் செய்யவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அந்தப் பக்கமாகப் போன ஓர் அம்மாள் எங்கள் இருவரையும் பார்த்து, "ஐயோ, அண்ணன் தம்பி போல இருக்கு. பாவம்" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனார்.

"இத டாக்டர் சொன்னாராண்ணே?" என்றேன்.

"யாரும் சொல்லல. கைய ஒவ்வொரு எடமா வச்சுப் பாத்தேன். முதுகுல வச்சேன், இடுப்புல வச்சேன். கடைசியாத்தான் தலைக்கு வந்தேன். வீட்டுக்காரி திட்டுறா, வீட்டுக்கு ஆகாதாம்."

அதுதான் அவர். எதையும் வைத்துப் பார்த்துவிட்டு, தொட்டுப் பார்த்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

எழுபதுகளின் கடைசி அது. நான் ஈப்போவில் ஓர் அரிசிக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். நாற்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தேன். அவருக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். ஈப்போவுக்குத் தெற்கே ஒரு தோட்டத்திலிருந்து, இரண்டு பஸ் மாறி வருவார். நான் அவரை அண்ணன் என்றே கூப்பிட்டேன். பெயர் தெரியும். ஆனால் ஒருநாளும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. இங்கேயும் எழுதத் தோன்றவில்லை.

அவருடைய தோட்டத்தில் ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு, எண்ணெய் எடுக்கச் செம்பனை நட்டார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களை, அந்தச் செம்பனையின் முள்ளுத்தேங்காய்க் குலை வெட்ட வருகிறீர்களா என்று கேட்டார்கள். மற்றவர்கள் வேலை வாங்கும் மண்டோர் சொன்னதைக் கேட்டு அன்றைக்கே தலையாட்டினார்கள். இவர் மட்டும் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு, செம்பனை ஏற்கெனவே காய்க்கிற வேறொரு தோட்டத்துக்குப் போய், அங்கே குலை வெட்டுகிறவர்களின் பின்னாலேயே நடந்திருக்கிறார். முள் குத்தினால் சீழ் பிடிக்குமா? பாம்பு எத்தனை? குலை விழும்போது எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும்? மழை நாளில் சம்பளம் எப்படி? எல்லாம் கேட்டுவிட்டு வந்துதான் அவர் சரி என்றார்.

"எல்லாத்தையும் கேட்டேன் தம்பி. கழுத்தக் கேக்க மறந்துட்டேன்" என்பார்.

மரம் வளர வளரக் குலையும் உயரே போய்விடும். நீளமான கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தபடி இழுக்க வேண்டும். பால்மரத்தில் குனிந்து வெட்டியே பழகிய கழுத்து அவருக்கு. ஆறு வருடத்தில் அது பதில் சொல்லிவிட்டது. "பதினேழு கேள்வி கேட்டேன். பதினெட்டாவது என்னப் புடிச்சுக்கிச்சு" என்று சொல்லி, வலியோடே சிரிப்பார்.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கழுத்தை இழுக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். மோவாய்க்கும் பிடரிக்கும் தோல் பட்டையை மாட்டி, கயிற்றைக் கப்பி வழியாக மேலே கொண்டுபோய், மறுமுனையில் மணல் பையைத் தொங்கவிடுவார்கள். இருபது நிமிடம் நாற்காலியில் அப்படியே உட்கார வேண்டும். வாயைத் திறக்க முடியாது. எனக்கு அந்த இருபது நிமிடம் பிடித்திருந்தது. அவருக்கோ அதுதான் பெரிய தண்டனை. பட்டையைக் கழற்றியதும் மூச்சு வாங்காமல் பேசுவார்.

எங்களோடு சித்தியவானிலிருந்து ஒரு லாரி டிரைவரும் வருவார். வாய்க்கொழுப்பு பிடித்த மனிதர். அண்ணனுக்குக் கழுத்துப் பட்டை கொடுத்த அன்று, "என்ன தொரை, டை கட்டியாச்சா? இனி ஆபீஸ் கிராணி வேலதான் லா" என்றார்.

"டைய நீயும் கட்டிப் பாரு மச்சான். அப்பத்தான் தொரைங்க ஏன் யாரையும் குனிஞ்சு பாக்க மாட்டேங்கறாங்கன்னு தெரியும்" என்றார் அண்ணன். பட்டை கட்டிவிட்டுக்கொண்டிருந்த நர்ஸ் மிஸ்ஸி மலாய்க்காரப் பெண். அவருக்கு ஒன்றும் புரியாமலே சிரித்தார்.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அளந்து பேசுவார். ஒருநாள் எங்கள் இருவரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டார். எனக்கு வெட்கம் அதிகம் என்பதால் அண்ணனும் உள்ளே வந்து நின்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். பிறகு இரண்டு விரலை நீட்டி, "இறுக்கிப் பிடியுங்கோ" என்றார். நான் பிடித்தேன். அண்ணன் பிடித்தார். அண்ணன் பிடித்தபோது டாக்டரின் முகம் மாறியது.

"ஐயா, உங்கட கழுத்தில நரம்பு நசிபடுது. மூண்டு மாதத்துக்கு முதல் இருந்த பலம் இப்ப உங்கட கையில இல்லை. கோலாலம்பூருக்கு அனுப்பி ஒப்பரேசன் செய்தால் வலி குறையும். பலமும் கொஞ்சம் வரும். முழுசா வரும் எண்டு நான் சொல்ல மாட்டன். அப்பிடியே விட்டால் இருக்கிறதும் போயிடும். விளங்குதோ?"

"விளங்குதுங்க. நீங்க செஞ்சிருக்கீங்களா?"

"நான் செய்யிறதில்லை. அங்க அதுக்கெண்டு டொக்டர்மார் இருக்கினம்."

"அது இல்லங்க. ஒங்க கழுத்துல செஞ்சிருக்கீங்களான்னு கேட்டேன்."

டாக்டர் முதலில் முறைத்தார். அப்புறம் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். "இல்லை ஐயா" என்றார்.

"அப்ப செஞ்சவங்க யாரையாச்சும் பாக்கணும்."

எனக்கு டாக்டர் சொன்னது வேறு. கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாம், கையில் பலம் குறைந்தால் எனக்கும் அதே வழிதான், இப்போதிருந்தே யோசித்து வையுங்கள் என்றார். நான் யோசிக்கவில்லை. அண்ணன் என்ன செய்கிறாரோ அதையே செய்துவிடலாம் என்று இருந்தேன்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அவர் பின்னால் போனேன். முதலாவது சித்தியவானுக்கு. அங்கே மளிகைக் கடை வைத்திருந்த ஒரு சீனக் கிழவருக்குக் கழுத்தில் ஆபரேஷன் ஆகி நான்கு வருடம் என்று லாரி டிரைவர்தான் சொன்னார். கடையில் ஆள் நிறைய. அண்ணன் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் இரண்டு விரலை நீட்டினார். கிழவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அண்ணன் தன் கழுத்தையும் அவர் கழுத்தையும் காட்டி, மலாயில் விஷயத்தைச் சொன்னார். கிழவர் பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு, அந்த விரல்களைப் பிடித்து நெறித்தார் பாருங்கள், அண்ணன் "அம்மா" என்று கத்திவிட்டார். கிழவர் திரும்பி நின்று பிடரியில் இருந்த நீளமான தழும்பையும் காட்டினார். அண்ணன் அதை விரலால் தடவிப் பார்த்தார்.

திரும்பும்போது, "அப்ப செஞ்சுக்கலாம்தானேண்ணே?" என்றேன்.

"நல்லா ஆனவர பாத்தாச்சு. கெட்டுப்போனவரையும் பாக்கணும்லா."

கெட்டுப்போனவர் யார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். லூமுட்டில் இருந்தார். முன்பு சித்தியவான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். கோலாலம்பூரில் கழுத்தில் கத்தி வைத்தார்கள், கை செத்துப்போய்விட்டது என்று ஏழு வருடமாக அந்த வட்டாரமே பேசியது. கழுத்து வலி என்று யாராவது வாயெடுத்தால் போதும். "லூமுட்டுக்காரர் கதை தெரியும்ல?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எத்தனை பேர் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போகாமல் இருந்தார்களோ தெரியாது. உண்மையைச் சொன்னால் நானும் அந்தக் கதையைப் பத்திரமாக வைத்திருந்தேன். நாளைக்கு டாக்டர் என்னைக் கூப்பிட்டால் சொல்வதற்கு அது உதவும்.

லூமுட்டில் படகுத்துறைக்குப் பின்னால், பலகை வீடு. அவர் மகளோடு இருந்தார். பெரிய உருவம். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதையே இல்லாமல் குழி விழுந்திருந்தது. அண்ணன் நலம் விசாரித்துவிட்டு, இரண்டு விரலை நீட்டினார். அவர் பிடித்தார். பிடித்த மாதிரியே தெரியவில்லை என்று அண்ணன் பிறகு சொன்னார். இலை வந்து விழுந்ததுபோல இருந்ததாம்.

"தழும்பக் காட்டுங்கண்ணே" என்றார்.

"எதுக்கு?"

"சித்தியவான் கடைக்காரத் தவுக்கேக்கு நீளமா இருக்கு. ஒங்களுக்கு எப்படின்னு பாக்கணும். வெட்டுன எடம் மாறுனதாலதான் கை போச்சோ என்னமோ."

"நீ என்ன டாக்டரா? வந்த, பாத்த, கை செத்துப்போச்சு. போயிட்டு வா."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அண்ணன் அசையவில்லை. வலி வந்துவிட்டதுபோல, கையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். "நான் வேடிக்கை பாக்க வரலண்ணே. எனக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க. மூணு பிள்ளைங்க. இந்தக் கைதான் இருக்கு" என்றார்.

உள்ளே மகள் காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. லூமுட்டுக்காரர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு இடது கையால் துண்டை மெல்ல இழுத்தார்.

பிடரியில் தழும்பு இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து மட்டும் தொங்கியது.

"ஆத்தா கட்டுனது" என்றார் மெதுவாக. "முனியாண்டி கோயில்ல, நான் சின்னப் புள்ளையா இருக்கும்போது. கழுத்துல வெட்டணும், இத அறுக்கணும்னு மிஸ்ஸி கத்தரிக்கோலோட வந்துட்டா. விடிஞ்சா ஆபரேஷன். பாத்ரூம் போறேன்னு சொல்லி, அப்படியே எறங்கிப் போயிட்டேன்."

"வீட்டுக்கு வந்திருக்கலாமேண்ணே" என்றார் அண்ணன்.

"எப்படி வருவேன்? கோயில்ல பூச போட்டு, கழுத்துல மால போட்டு, தோட்டமே பஸ் வரைக்கும் வந்து அனுப்புச்சு. பொம்பளைங்க எல்லாம் அழுதாங்க. கயித்த அறுக்கப் பயந்துக்கிட்டு ஓடிவந்தேன்னு சொன்னா சிரிக்க மாட்டானுங்க? கிள்ளான்ல ஒரு தெரிஞ்சவர் வீட்டுல மூணு வாரம் கெடந்தேன். கட்டுப் போட்டுக்கிட்டு வந்தேன். ஆபரேஷன் ஆச்சான்னு கேட்டாங்க. ஆச்சுன்னேன். அப்புறம் கை போக ஆரம்பிச்சுது. வேற என்னத்தச் சொல்றது?"

"ஏழு வருசமா?"

"ம்."

"ஏழு வருசமா துண்டோடதான் குளிக்கிறீங்களா?"

 மகள் காப்பியோடு வரும் சத்தம் கேட்டதும் அவர் துண்டை மேலே இழுத்துக்கொண்டார். "எம்மக கிட்ட சொல்லிடாதீங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றார். அண்ணன் அந்தச் செத்த கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சொல்ல மாட்டேன்" என்றார்.

ஈப்போ வரும் வரைக்கும் பஸ்ஸில் நான் முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கோபமாக இருந்தது. அது யார்மேல் என்று எனக்கே தெரியவில்லை. என் கையில் இருந்த சாக்கு போய்விட்ட கோபமாகவும் இருக்கலாம். இறங்கும் நேரத்தில் அண்ணன் சொன்னார்: "அவரு ஓடுனது பெருசில்ல தம்பி. பயந்தா யாரும் ஓடத்தான் செய்வான். திரும்பி வர எடமில்லாம செஞ்சுட்டானுங்க பாரு, மால போட்டு."

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில், பட்டையை மாட்டுவதற்கு முன்பே லாரி டிரைவர் பிடித்துக்கொண்டார்.

"என்ன மச்சான், லூமுட்டுக்கே போயிட்டு வந்தீங்களாம்? கைய பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?"

"பாத்தேன். கை போச்சுதான்."

"அப்ப ஆபரேஷனால போனதுதானே?"

 அண்ணன் வாக்குக் கொடுத்திருக்கிறார். உண்மையும் தெரியும். அந்த அறையில் நாங்கள் ஏழெட்டுப் பேர், எல்லாருக்கும் கழுத்து.

"ஆபரேஷனால போகல" என்றார் அண்ணன். "எதனாலன்னு அவருதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை பஸ் இருக்கு. நீங்களே போய்க் கேளுங்க."

"அதச் சொல்றதுல என்ன மச்சான் ஒனக்கு?"

"போய்க் கேளு லா. நான் போகல?"

ஒருவரும் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து, புதிதாக வந்த ஒருவரிடம் டிரைவர் அதே கதையை முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் பட்டைக்குள் மோவாயை இறுக்கிக்கொண்டு, பேச முடியாமல், கண்ணால் மட்டும் என்னைப் பார்த்தார்.

அவர் தோட்டத்திலும் பூசைக்கு ஏற்பாடு நடந்தது. சேவல், மாலை, மேளம்கூடச் சொல்லிவிட்டார்கள். அவர் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரித் தேதியை ஒரு வாரம் தள்ளிச் சொல்லியிருக்கிறார். பூசைக்கு நான்கு நாள் இருக்கும்போது, காலை வெட்டுக்கு எல்லோரும் போன பிறகு, ஒரு துணிப்பையோடு கிளம்பிவிட்டார். மனைவியிடம் வாசலில் வைத்துத்தான் சொன்னாராம். அந்த அக்கா அழுதுகொண்டே என்னிடம் பிறகு சொன்னார்: "தேங்காகூட ஒடைக்க விடல தம்பி. விபூதி மட்டும் வச்சுக்கிட்டாரு. அரணாக்கயித்த அவரே அறுத்து என் கையில குடுத்துட்டு, வந்தா கட்டி விடுன்னாரு. வந்தாங்கறாரு பாருங்க!"

ஈப்போ ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட நான் மட்டும் போயிருந்தேன். என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல் நின்றேன்.

"யாராச்சும் கேட்டா?" என்றேன்.

"கோலாலம்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கேன்னு சொல்லு. நெசமாவே அங்க தங்கச்சி இருக்கா. பயமா இருந்தா அவ வீட்டுல ரெண்டு நாள் சாப்புட்டுட்டுத் திரும்பிடுவேன். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க முடியாது."

ஓடிப்போவதற்கு வழியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவர் ஆபரேஷனுக்குப் போனார். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும் இரண்டு முறை இறங்கி வந்ததாக அவரே பிறகு சொன்னார். "வாச கேட்டு தெறந்துதான் இருந்துச்சு. வெளியே போனா சிரிக்கறதுக்கு யாரும் இல்ல. அப்புறம் எதுக்குப் போகணும்னு மேல ஏறிட்டேன்."

வலி போய்விட்டது. கையில் பாதிக்கு மேல் பலம் வந்தது. ஆள்காட்டி விரல் நுனி மட்டும் மரத்தே இருந்தது. குலை வெட்டும் கம்பை அவர் மறுபடி தொடவில்லை. நாற்றுப் பண்ணையில் தண்ணீர் ஊற்றும் வேலை கொடுத்தார்கள். தோட்டத்தில் இரண்டு மாதம் அவரோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். பூசையை ஏமாற்றிவிட்டார் என்று கோபம்.

எனக்கு அடுத்த வருடம் வலி தானாகவே தணிந்தது. அப்படியும் சிலருக்கு ஆகும் என்றார் டாக்டர். ஆனால் நான் சொல்லப்போகிற அன்று அது எனக்குத் தெரியாது. அன்று எனக்கு வலி உச்சத்தில் இருந்தது. அரிசி மூட்டையைத் தொடவே பயமாக இருந்தது. முதலாளி வேறு ஆள் பார்க்கிறார் என்று காதில் விழுந்தது. அண்ணன் டாக்டரிடம் கழுத்தைக் காட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். ஈப்போ பஸ் ஸ்டாண்டில் அவரோடு நின்றேன். அவர் இப்போது தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தார். அவர் ஊர்ப் பக்கம் போகும் பஸ் வரும் நேரம்; அதை விட்டால் அடுத்தது ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

கேட்டுவிட்டேன். "நான் செஞ்சுக்கவாண்ணே?"

செய் என்பார், அல்லது வேண்டாம் என்பார் என்று நினைத்தேன். எதைச் சொன்னாலும் கேட்கத் தயாராக வந்திருந்தேன். 

"ஒனக்கு எவ்வளவு வலிக்குதுன்னு எனக்குத் தெரியாதே தம்பி" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன், கழுத்து விடவில்லை.

"சித்தியவானுக்குப் போய்க் கேட்டேன், லூமுட்டுக்குப் போய்க் கேட்டேன்" என்றார். "ஒரு வருசமா எம்பக்கத்துலயே உக்காந்திருந்த. ஒருநாளாச்சும் ஒன்னக் கேட்டிருக்கேனா? தூங்குறியா, சாப்புட முடியுதா, சட்டைய நீயே மாட்டிக்கிறியான்னு? நீ பேச மாட்ட, சரி. நான் ஊரக் கேக்கறவன்தானே?"

 அங்கிருந்த சிமெண்டுத் திண்டில் அவர் உட்கார்ந்து, எனக்கும் இடம் விட்டார்.

"சொல்லு. எங்க ஆரம்பிக்குது?"

நான் சொல்லத் தொடங்கினேன். அவர் ஏற வேண்டிய பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், கண்டக்டர் எங்களைப் பார்த்து இரண்டு முறை குரல் கொடுத்தார். அண்ணன் கையை அசைத்துப் போகச் சொல்லிவிட்டு, "அப்புறம்?" என்றார்.